எந்தத் தூரம், அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்ததும் உனக்குக் கொடுத்த முதல் வேலையே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிடும் நிரல் என்று எழுதியிருந்தாய். திருப்பூர் ஏற்றுமதிக்காரர்கள் தங்கள் சரக்கின் கார்பன் கணக்குக்கு அதை வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்றும் சொன்னாய். "கோவை–சென்னைக்கு ஓரிடத்தில் 402 வருதுங்க, இன்னோரிடத்தில் 452, மூன்றாவதில் 497. எதுங்க பெரியப்பா சரி?" என்பது உன் கேள்வி.

மூன்றும் சரிதான். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில். உன் மேலாளர் "தூரம்" என்று மட்டும் சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார். எந்தத் தூரம் என்று நீயும் கேட்கவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது இந்த மாதிரி வேலைக்கு வருகிறார்கள் என்பதால், உனக்கு மட்டும் எழுத வேண்டியதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் கணிப்பொறியை மூடி வைத்துவிட்டு ஒரு காகிதம் எடு. கோவையின் பீளமேட்டு விமான நிலையம் வடக்கு 11 டிகிரி 2 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 3 நிமிடம். சென்னையின் மீனம்பாக்கம் வடக்கு 12 டிகிரி 59 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 10 நிமிடம். அட்சரேகை வித்தியாசம் 1 டிகிரி 57 நிமிடம், அதாவது 117 நிமிடம். தீர்க்கரேகை வித்தியாசம் 3 டிகிரி 7 நிமிடம், அதாவது 187 நிமிடம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் அந்த 187-ஐ அப்படியே வைக்கக் கூடாது. இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கும் அட்சரேகை 12 டிகிரி. அதன் கொசைன் 0.978. பெருக்கினால் 183. இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். 117-இன் வர்க்கத்தையும் 183-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 217. பூமியின் பரப்பில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல் என்பதால் இதுவே கடல் மைல் கணக்கு. 1.852-ஆல் பெருக்கினால் 402 கிலோமீட்டர். நொடி வரைக்கும் துல்லியமாக எடுத்துக்கொண்டு கணிப்பொறியில் போட்டால் 403, 404 என்று வரும். ரயிலிலோ சாலையிலோ போனால் ஏறக்குறைய 500.

இதைக் கையால் போடச் சொல்வது பழைய காலத்து ஆள் என்பதற்காக அல்ல. உன் நிரல் தப்பாக ஒரு எண்ணைத் துப்பும்போது, அது தப்பு என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த எண் நேராக அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த வேலையில் வருகிற பிழைகளில் பாதி, பார்ப்பதற்கு நியாயமான எண்ணாகவே வந்து நிற்கும்.

எப்படி என்று சொல்கிறேன். 12 டிகிரி 59 நிமிடம் என்பதை 12.59 என்று கோப்பில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். உண்மையில் அது 12.98. இந்த ஒரு சறுக்கலில் சென்னை விமான நிலையம் 40 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே நகர்ந்து திருக்கழுக்குன்றத்துப் பக்கம் போய்விடும். கழுகு வந்து இறங்கியதற்குப் பேர்போன ஊர்தான், ஆனால் ஏர்பஸ் இறங்க அங்கே இடமில்லை. பீளமேட்டை அதே மாதிரி 11.02 என்று எழுதினால் தவறு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். நிமிடம் சின்னதாக இருந்தால் பிழையும் சின்னது, 59 மாதிரிப் பெரியதாக இருந்தால் பிழையும் பெரியது. அதனால் கோவையை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு "கோப்பு சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடாதே.

இதைவிட மோசமானது அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிப் போடுவது. சில நிரல் தொகுப்புகள் அட்சரேகையை முதலில் கேட்கும், சில தீர்க்கரேகையை முதலில் கேட்கும். மாற்றிப் போட்டால் கோவை, வடக்கு 77 டிகிரி, கிழக்கு 11 டிகிரி ஆகிவிடும். அது நார்வேக்குச் சொந்தமான ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் இருக்கிறது. சென்னை அந்தத் தீவுக்கு வடக்கே போய்விடும். சரி, தூரம் என்ன வரும்? 350 கிலோமீட்டர்! கோவை–சென்னைக்கு 350 என்று பார்த்தால் யாருக்காவது சந்தேகம் வருமா? 9,000 என்று வந்திருந்தால் உடனே பிடித்திருப்பாய். 350 என்பதால் விட்டுவிடுவாய். காகிதத்தில் போட்ட 402 கையில் இருந்தால்தான் அந்த 50 கிலோமீட்டர் உறுத்தும்.

மூன்றாவது வகைப் பிழையில் எண்களில் குற்றமே இருக்காது, காலத்தில்தான் இருக்கும். 2008 மே 24-ஆம் தேதி பெங்களூரின் பயணிகள் விமான நிலையம் ஹெச்.ஏ.எல். வளாகத்திலிருந்து தேவனஹள்ளிக்கு மாறியது. பி.எல்.ஆர். என்ற மூன்றெழுத்துக் குறியீடும் கூடவே போனது. பழைய கோப்பு ஒன்றை எங்கிருந்தாவது எடுத்தால் அந்தக் குறியீட்டுக்கு ஹெச்.ஏ.எல். நிலையத்தின் ஆயம்தான், அதாவது அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான் இருக்கும். கோவையிலிருந்து பழைய இடம் 224 கிலோமீட்டர், புதிய இடம் 252. ஹைதராபாத்தும் அதே வருடம் பேகம்பேட்டிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறியது. 1999-இல் கொச்சி, வெல்லிங்டன் தீவிலிருந்து நெடும்பாசேரிக்குப் போனது. நம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பெரிய நிலையங்களிலேயே இத்தனை மாற்றம். ஆகவே ஆயத்தை விமான நிலையங்கள் ஆணையத்தின் அதிகாரப்பூர்வ வெளியீட்டிலிருந்து எடு. எந்தத் தேதியில் எடுத்தாய் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வை. அதில் ஒவ்வொரு நிலையத்துக்கும் "குறிப்புப் புள்ளி" என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். அது ஓடுபாதைகளை ஒட்டி இருக்கும். நீ சித்ரா ஸ்டாப்பில் இறங்கி உள்ளே போய்ப் பார்க்கிற டெர்மினல் வாசல் வேறு. வரைபடத்தில் ஊசி குத்தியிருப்பது பெரும்பாலும் அங்கேதான். வித்தியாசம் அற்பமானது, ஆனால் எல்லா நிலையத்துக்கும் ஒரே வகைப் புள்ளியாக இருக்கட்டும். டிகிரியை ரேடியனாக மாற்றாமல் சைனுக்குள் போடுகிற தப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எல்லோரும் முதல் நாளே செய்து முதல் நாளே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

வாய்பாட்டைப் பற்றி நீளமாகக் கேட்டிருந்தாய். அதில் அவ்வளவு விஷயம் இல்லை. பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்துக்கொண்டு ஹேவர்சைன் வாய்பாட்டைப் போட்டால் அதிகபட்சம் நூற்றுக்கு அரை என்ற அளவில் பிசகும். பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் நம் அட்சரேகையில் ஒரு டிகிரி வடக்கே போனால் 110.6 கிலோமீட்டர்தான் ஆகிறது, உருண்டைக் கணக்கோ 111.2 என்று சொல்லும். அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை வின்சென்டி 1975-இல் கொடுத்தார். பூமியின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கத்துப் புள்ளிகளுக்கு மட்டும் அது சில சமயம் விடைக்கே வராமல் சுற்றிக்கொண்டிருக்கும். 2013-இல் கார்னி வெளியிட்ட முறையில் அந்தத் தொல்லையும் இல்லை. எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுத்து எதை எடுத்தாய் என்று எழுதி வை. கோவை–ஷார்ஜாவுக்கு 2,767 என்று வர வேண்டியது 2,763 என்று வந்தால் திருப்பூரில் யாருக்கும் நட்டமில்லை. உன் தலைவலி வாய்பாட்டில் இல்லை, முன்னே சொன்ன ஆயங்களிலும் பின்னே சொல்லப்போகிற "எந்தத் தூரம்" என்பதிலும்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் போக முடியாது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது ஜன்னல் வழியே பரங்கிமலை தெரியும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் அந்த மலையை ஒட்டித்தான் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம், நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் அதைப் பெட்டிகளுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவோடும் வெப்பத்தையும் குறித்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணங்களாகக் கட்டிக்கொண்டே போய்த் தென்னிந்தியா முழுவதையும் அளந்தார். இன்றைக்கு நீ வீட்டிலிருந்தபடி ஆறு தசம இடம் வரை ஆயம் எடுக்கிறாய், அவர் அளந்ததைவிட உன் எண் நீளமாகவே இருக்கும். ஆனால் அவருடைய எண்ணோடு அதை அளந்த வெப்பமும் இருந்தது. உன் கோப்பில் எண் மட்டும் இருக்கிறது. அவருக்குப் பின்வந்த எவரெஸ்டின் பெயரால் நம் பழைய நிலவரைபடங்களில் நெடுங்காலம் பயன்பட்ட பூமி உருவமும் இன்றைய ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உருவமும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து எடுத்த ஆயத்தை மாற்றாமல் மற்றொன்றில் வைத்தால் சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். விமானத் துறை 1998-லிருந்து உலகம் முழுக்க ஒரே உருவத்துக்கு மாறிவிட்டதால் உனக்கு அந்தச் சிக்கல் குறைவு.

கோவை–சென்னைக்குப் பிதாகரஸ் போதும். கோவை–சிங்கப்பூருக்குக்கூட அது ஏறத்தாழ ஒத்துவரும். சரியான கணக்கு 3,163 என்றால் தட்டைக் கணக்கு 3,167. இரண்டு ஊரும் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த சலுகை இது. வடக்கே போகப் போக இந்தச் சலுகை போய்விடும். ஒரு பள்ளிக்கூட உலக உருண்டையை வாங்கி, பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார். நூல் பசிபிக் பக்கமே நேராகப் போகாது. சீனாவைத் தாண்டி சைபீரியாவின் வடகரையை ஒட்டி 71 டிகிரி வரை ஏறி, பிறகு அலாஸ்கா பக்கம் இறங்கும். 2021 ஜனவரியில் கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியதே, நினைவிருக்கிறதா? இரண்டு நகரங்களுக்கும் இடையே 13,993 கிலோமீட்டர் என்றது ஏர் இந்தியா. நாளிதழ்கள் பல 16,000 என்று எழுதின. உன் நிரலில் போட்டால் 13,990-ஐ ஒட்டி வரும். நேர்வழி 71 டிகிரியோடு திரும்பிவிடுகிறது, விமானமோ 90 டிகிரி வரை போய் வந்தது. ஆக, பறந்த வழி நேர்வழி அல்ல என்பதை அந்த ஒரு சேதியிலிருந்தே நீ சொல்லிவிடலாம்.

பிறகு ஏன் விமானம் நேர்வழியில் போவதில்லை? காற்றுதான் முதல் காரணம். நான் விமான டிஸ்பேட்சராக இருந்த காலத்தில் எரிபொருள் கணக்குக்கு நாங்கள் இரண்டு தூரம் வைத்துக்கொள்வோம்: தரைத்தூரம், காற்றுத்தூரம். கோவை–ஷார்ஜா தரைத்தூரம் ஏறத்தாழ 1,494 கடல் மைல். விமானம் காற்றில் 450 நாட், அதாவது மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் போகிறது, எதிர்க்காற்று 50 நாட் என்று வைத்துக்கொள். தரையைப் பொறுத்து அதன் வேகம் 400. சேர்வதற்கு மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் அது காற்றில் 1,680 கடல் மைல் பறந்திருக்கும். எரிபொருள் தீர்வது அந்த 1,680-க்குத்தான். அதே காற்றில் திரும்பி வந்தால் மூன்று மணி நேரம்தான். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது, நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. பின்காற்று தள்ளிக்கொண்டு போனதன் பலன்.

இரண்டாவது காரணம், வானத்திலும் வேலி இருக்கிறது. 2019-இல் சில மாதங்களும், மறுபடி 2025 ஏப்ரலிலிருந்தும் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே போகிறவை சுற்றிப் போயின. தாஷ்கண்ட், அல்மாட்டி சேவைகளை இண்டிகோ நிறுத்தியே விட்டது. நகரங்கள் அங்கேயேதான் இருக்கின்றன, உன் நிரல் அதே எண்ணைத்தான் தரும். மூன்றாவது, ஏறுவதும் இறங்குவதும். ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறதோ அந்தத் திசையில்தான் விமானம் கிளம்ப வேண்டும். பீளமேட்டுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் சூலூர் விமானப்படைத் தளம் வேறு. சென்னையில் வரிசை இருந்தால் வட்டமடிக்க வேண்டும். 402 கிலோமீட்டரை மணிக்கு 800 வேகத்தில் கடக்க அரை மணி போதும், ஆனால் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருப்பது இதற்கெல்லாம் சேர்த்துத்தான். அரசாங்கத்துக்கும் இது தெரியும். 2020 மே முதல் 2022 ஆகஸ்டு வரை உள்நாட்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தபோது, பறக்கும் நேரத்தை வைத்துத்தான் ஏழு பிரிவாகப் பிரித்தார்கள், கிலோமீட்டரைத் தொடவில்லை.

இப்போது உன் திருப்பூர்க் கணக்குக்கு வருகிறேன். உன் 452-உம் 497-உம் எங்கிருந்து வந்தன என்று தெரிகிறதா? இந்தச் சுற்றல்களுக்கெல்லாம் ஈடாக நேர்த்தூரத்தோடு ஒரு தொகையைக் கூட்டிவிடுகிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முறையில், 550 கிலோமீட்டருக்குக் குறைந்தால் 50 கூட்ட வேண்டும். 5,500 வரை 100. அதற்கு மேல் 125. ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் வணிகத் திட்டத்தில் எந்தத் தூரமானாலும் 95. பிரிட்டன் அரசின் முறையில் நூற்றுக்கு 8. 402-உடன் 50 சேர்ந்து 452, 95 சேர்ந்து 497. பிரிட்டன் முறையில் போட்டிருந்தால் 434 வந்திருக்கும்.

இவற்றின் குணத்தைக் கவனி. சென்னை மாதிரிக் குறுகிய தூரத்தில் ஐரோப்பாவின் 95 கிட்டத்தட்ட கால்பங்கு கூட்டிவிடுகிறது. ஷார்ஜாவுக்கு 2,767 கிலோமீட்டர். அதே 95 அங்கே மூன்றரை சதவீதம்தான், பிரிட்டனின் 8 சதவீதமோ 221 கிலோமீட்டர். குறுகிய தூரத்தில் தாராளமாக இருக்கிற முறை நீண்ட தூரத்தில் கஞ்சமாகிவிடுகிறது. வாங்குகிறவர் எந்த முறையைக் கேட்கிறாரோ அதையே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வை. வரிக்கு வரி லாபமான முறையைப் பொறுக்கி எடுக்கச் சொல்லி யாராவது கேட்டால், முடியாதுங்க என்று சொல்லிவிடு. இன்னொன்று, தூரத்தைப் பெருக்கிக் கார்பனாக மாற்றுகிற உமிழ்வுக் காரணிகள் சிலவற்றில் அந்த 8 சதவீதம் ஏற்கெனவே உள்ளே சேர்ந்திருக்கும். நீ தூரத்திலும் சேர்த்தால் இரண்டு தடவை ஆகிவிடும். காரணியின் அடிக்குறிப்பைப் படிக்காமல் பெருக்காதே.

இதையெல்லாம்விடப் பெரியது, சரக்கு எந்த வழியாகப் போகிறது என்பது. பனியன் பெட்டி பிராங்க்பர்ட்டுக்குப் போகிறது என்றால், உன் நிரலில் கோவை–பிராங்க்பர்ட் என்று போட்டு 7,538 எடுத்துவிடுவாய். அப்படி நேர் விமானமே கிடையாது. ஷார்ஜா வழியாகப் போனால் 2,767-உம் 4,847-உம் சேர்ந்து 7,614. வெறும் 76 கிலோமீட்டர்தான் அதிகம், ஏனென்றால் ஷார்ஜா கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது. அதே பெட்டி சிங்கப்பூர் போய்த் திரும்பினால் 13,441. ஐரோப்பாவின் 95-ஆ பிரிட்டனின் எட்டா என்று நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இங்கே 5,900 கிலோமீட்டர் ஓசையில்லாமல் விடுபட்டுப் போகிறது. பெட்டி கொச்சிக்கோ பெங்களூருக்கோ சென்னைக்கோ லாரியில் போய் அங்கே விமானம் ஏறினால், லாரியின் தூரம் தனி, விமானத்தின் தூரம் தனி, காரணிகளும் வேறு. பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு விமானக் கட்டத்துக்கும் அந்தக் கூட்டல் தொகையைத் தனித்தனியாகச் சேர். ஏர்வே பில்லைக் கேட்டு வாங்கிப் பார்; அதில்தான் உண்மையான வழி இருக்கும்.

உன் மேலாளரிடம் நாளைக்கே மூன்று கேள்வி கேள்: எந்த முறை, எந்த வழி, எந்தத் தேதியின் ஆயம். பதில் வந்ததும் அறிக்கையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பக்கத்தில் அது நேர்த்தூரமா, கூட்டிய தூரமா, பறந்த தூரமா என்று ஒரு பத்தி வை. லாம்டன் வெப்பத்தை எழுதினார், நீ இதை எழுது.

அதற்கு முன்னால் கோவை–கொச்சி, கோவை–பெங்களூரு, கோவை–கொழும்பு மூன்றையும் கையால் போட்டு எனக்கு அனுப்பு. நிரல் தந்த விடையைப் பக்கத்தில் எழுதாதே, நான் என் காகிதத்தில் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பன்